கொலரில் ஐந்து தையல்

கொக்குவில் சந்தியில் பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை மூன்று மணி, பெண்களுக்கு மட்டும்.
ஜெசிந்தா போட்டிருக்கும் உடுப்பு நான் தைத்தது.
வெளியிலிருந்து எடுப்பித்தால் இருபத்தெட்டாயிரம் என்றார்கள்.
பள்ளிக்கூட வெள்ளை ட்ரில் துணியை இரட்டை மடிப்பாக்கி
ஒன்பது பேருக்குத் தைத்துக் கொடுத்தேன்.
கொலருக்குள் முறுக்கிய துண்டு வைத்து
ஐந்து வரிசை ஓட்டினேன்.
நாலாவது வரிசையில் ஊசி முறிந்தது.

அந்தக் கொலரைத்தான் இப்போது பிடித்திருக்கிறேன்,
மல்லாந்து கிடந்தபடி.

மல்லாந்து கிடக்கவே எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.
‘படு’ என்றால் குப்புற விழுந்து காதைப் பொத்தத்தான்
இந்த உடம்புக்குத் தெரியும்.
ஒன்பது வயதில் பழகியது.
மிதுரா சூரிச்சில் பிறந்தவள், அவளுக்கு அது விளங்கவில்லை.
‘அக்கா, மற்றப் பக்கம்’ என்றாள்,
தோசை புரட்டச் சொல்வதுபோல.

இன்றைக்கு சிசர் ஸ்வீப்.
‘இடுப்பை ஓட விடுங்கோ.
மேல்காலை வயித்துக்குக் குறுக்கே வையுங்கோ.
கீழ்க்காலால முழங்காலை வெட்டுங்கோ.
ரெண்டும் ஒருமிக்க.’
இடையில் புல் என்றும் ஏதோ சொன்னாள்.
இங்கே எங்கே புல்?
அவளின் தமிழ் அப்படித்தான். நான் கேட்கவில்லை.

கத்தரிக்கோல் என்றதும் எனக்குள் ஒரு திமிர்.
இருபது வருடம்.
சீருடை, சாறிச்சட்டை, ஒருமுறை தேர்ச்சீலைகூட
வெட்டியிருக்கிறேன்.
எனக்கு வராதா?

வரவில்லை.

ஜெசிந்தா பாசையூரில் ஐஸ்பெட்டி தூக்குகிறவள்.
என் கால்களுக்கிடையில் முழந்தாளிட்டு
பூசைக்கு வந்தவள்போல் அசையாமல் இருந்தாள்.
முதல் தரம் என் கால்தான் வழுக்கியது.
ஆறாம் தரம் தொடை பிடித்துக்கொண்டது.
பத்தாவதில் அவள் கொட்டாவி விட்டாள்.
‘குறை நினையாதையுங்கோ, விடிய மூண்டுக்கு எழும்பினது.’
கீழே பெயின்ற் கலக்கும் மெசின் ஓடத் தொடங்கியது.
மெத்தை நடுங்கியது, சுவர் நடுங்கியது,
யன்னலோரம் வைத்த என் கண்ணாடி நடுங்கியது.
அவள் நடுங்கவில்லை.

பதினாலாம் தரம்
கொலரை என் நெஞ்சுக்கு இழுத்தேன்.
உத்தி ஒன்றுமில்லை, ஆத்திரம்தான்.
அவளின் முழங்காலில் இருந்த பாரம் கழன்று
என் காலெலும்பில் வந்து ஏறியது.
ஏறி, அங்கேயே நின்றது.

தொய்ந்த துணியை எந்தக் கத்தரியும் வெட்டாது.
மெல்லும்.
கடையில் நிற்கும் பெட்டைகளுக்கு
நாளுக்கு நாலுதரம் கத்துகிறேன்:
இழுத்துப் பிடி, பிறகு வெட்டு.
எனக்கு மட்டும் ஏன் ஒருவரும் கத்தவில்லை?

‘முதலே சொன்னேனே அக்கா, புல் எண்டு.’
மிதுரா தன் கொலரைத் தானே பிடித்து
இழுத்துக் காட்டினாள்.

ஓ. அந்தப் புல்.

பதினைந்து.
வலக்கை கொலரில். இடக்கை அவள் கைநுனியில்,
இனி ஊன்ற அவளுக்குக் கையில்லை.
இழுத்தேன்.
ஒரு மூச்சு பொறுத்தேன்.
வெட்டினேன்.

ஐஸ்பெட்டி, பாசையூர், விடிய மூன்று மணி
எல்லாம் சேர்ந்து பக்கமாகச் சரிந்தன.
கூடவே டர்ரென்று ஒரு சத்தம்.
ஐந்து தையலில் மூன்று விட்டிருந்தது.

இப்போது நான் மேலே.
கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து
‘இதுக்குக் காசு தரமாட்டன்’ என்கிறாள் ஜெசிந்தா,
கீழே கிடந்து, சிரித்து, மூச்சு வாங்கி.

அளவெடுக்கும்போது, விளிம்பு மடிக்கும்போது,
வாயில் குண்டூசியோடு
ஆட்களை நான் கீழிருந்தே பார்த்திருக்கிறேன்.
இங்கே கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.
ஒன்றை அவளின் தோளில் வைத்தேன்.
எடுத்தேன்.

மேலே வந்தபிறகு என்ன செய்வது என்பது
அடுத்த சனிக்கிழமைப் பாடமாம்.